மூஸ் தோலைக் காட்டிலேயே காப்பாற்றுவது: உப்பா, குளிரா, உலர்த்தலா?

நிப்பிகன்
வணக்கம் உறவுகளே. அக்டோபர் முதல் வாரம் நாங்கள் நால்வர் கனடாவில், வடமேற்கு ஒன்ராறியோவில், நிப்பிகன் ஏரிக்கு வடக்கே, மிதவை விமானத்தில் போய் இறங்கும் முகாம் ஒன்றுக்கு மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) வேட்டைக்குப் போகிறோம். ஆண் மூஸுக்கு டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, கிடைத்திருக்கிறது. இறைச்சியை எப்படிப் பிரித்துத் தொங்கவிடுவது என்பதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. என் கேள்வி தோலைப் பற்றியது.

தலையையும் தோள்வரை உள்ள தோலையும், அதாவது கேப்பை, சுவரில் மாட்டும்படி செய்விக்க விரும்புகிறேன். மிச்சத் தோலைப் பதனிடக் கொடுத்துக் கையுறையும் மொக்கசினும் (மென்தோல் காலணி) தைப்பிக்க யோசனை. அவ்வளவு பெரிய விலங்கைச் சுட்டுவிட்டுத் தோலைக் காட்டில் எறிந்துவிட்டு வர எனக்கு மனம் வராது.

முகாமில் மின்சாரம் இல்லை, குளிர்பெட்டி இல்லை. வாரக் கடைசியில்தான் விமானம் வரும். பகலில் 12, 13 பாகை செல்சியஸ் இருக்கும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும். தெரிந்தவர்களில் ஒருவர் உப்புத்தான் ஒரே வழி என்கிறார். இன்னொருவர் உப்பே தேவையில்லை, சுருட்டி நிழலில் வைத்தால் போதும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாணியம்பாடிக்காரர்
நான் வேட்டைக்காரன் இல்லை. ஆனால் பச்சைத்தோலோடுதான் என் பிழைப்பு, டேனரியில் பதனிடும் பிரிவில் வேலை. மாட்டுத்தோலுக்கும் மூஸ் தோலுக்கும் இந்த விஷயத்தில் அடிப்படை ஒன்றுதான்.

உயிர் போன நிமிடத்திலிருந்து தோலில் பாக்டீரியா பெருகத் தொடங்கிவிடும். பச்சைத்தோல் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சூடும் ஈரமும் இரண்டும் இருக்கும்வரை பாக்டீரியாவுக்கு விருந்து. முதலில் அது தாக்குவது மேல்தோலும் உள்தோலும் சேரும் இடத்தை, அதாவது முடிவேர் இருக்கும் இடத்தை. அங்கே பிடிப்பு விட்டால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். அப்படி விட்டுப்போன முடியை எந்த டேனரியாலும் திரும்ப ஒட்ட முடியாது.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு தோல் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். கேப்புக்கு முடி உயிர். கையுறைக்கும் மொக்கசினுக்கும் முடியை எப்படியும் எடுத்துவிடப் போகிறார்கள். ஆகவே இரண்டையும் ஒரே மாதிரி காப்பாற்ற வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோல் எதற்குப் போகப் போகிறது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். எவ்வளவு உப்பு கொண்டு போவது என்பதே அதைப் பொறுத்ததுதான்.

மலைச்சாரல்
நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலம். கிப்ஸ்லாந்து மலைகளில் மரை (கடமான்) வேட்டை. (1860களில் நம்முடைய பக்கத்திலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. இப்போது மலை முழுதும் பெருகிவிட்டன.) இங்கே எங்களுக்கு எதிரி வெயிலும் ஈயும். கோடையில் விலங்கு விழுந்த கொஞ்ச நேரத்துக்குள் ஈ வந்து முட்டையிடத் தொடங்கிவிடும்.

நாங்கள் மணிக்கணக்கில் நடந்து போகிறவர்கள், முதுகில் 20 கிலோ உப்பைச் சுமக்க முடியாது. அதனால் கேப்பை உரித்து, பருத்தித் துணிப்பையில் காற்றோட்டமாகப் போட்டு, அன்றைக்கே வாகனத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம். அங்கே ஐஸ்பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்கள் இருக்கும். வெறும் ஐஸ்கட்டி போட்டால் உருகின தண்ணீரில் தோல் ஊறும், அதனால்தான் போத்தல். அங்கிருந்து நேரே உறைபெட்டிக்கு. அன்றைக்கே வீடு திரும்புகிறவனுக்கு உப்பு தேவையில்லை என்பது என் கருத்து. உங்களுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றால் கதை வேறு.

ஒன்று மட்டும் எங்கேயும் பொருந்தும்: பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். சூடான தோலைக் குப்பைப்பையில் கட்டினால் உள்ளேயே வெந்துபோகும்.

நிப்பிகன்
மிக்க நன்றி. இரண்டு தோல் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மூஸ் முடி உள்ளே வெறுமையான குழல் மாதிரியானது, உறைபனியிலும் உடல் சூட்டை வெளியே விடாது என்பார்கள். அப்படியென்றால் இரவில் குளிர் என்பதை நம்பி உரிக்காமல் விடலாமா?

ஊசிநூல்
அண்ணா, விடவே கூடாது. நீங்களே காரணத்தையும் சொல்லிவிட்டீர்கள். அந்த முடி வெளிக்குளிரை உள்ளே விடாத மாதிரியே உள்சூட்டையும் வெளியே விடாது. தரையைத் தொட்டுக் கிடக்கும் பக்கமும் தொடையிடுக்கும் விடியும்வரை சூடாகவே இருக்கும். இறைச்சிக்கும் அது கேடு, தோலுக்கும் கேடு. இருட்டில் ஹெட்லைட் போட்டாவது உரியுங்கள்.

நான் எட்மன்டனில் ஒரு டாக்ஸிடெர்மி ஸ்டுடியோவில், அதாவது விலங்குகளைப் பாடம் செய்யும் இடத்தில், வேலை செய்கிறேன். காட்டிலிருந்து வரும் கேப்களைத் திறந்து பார்ப்பதுதான் என் முதல் வேலை, அதனால் கெட்டுப்போகும் இடங்கள் எனக்கு மனப்பாடம்: காது, உதடு, மூக்கு, கண்ணோரம். முதுகும் கழுத்தும் நன்றாக வந்திருக்கும், காதைத் தொட்டால் முடி வரும். காரணம், காதுக்குள் குருத்தெலும்பு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் உப்பு படும், மறுபக்கம் படவே படாது. உதடும் அப்படித்தான், தடித்த சதை மடிப்பு.

எங்கே வெட்டுவது என்பதிலிருந்து சொல்கிறேன். முன்னங்காலுக்கு நன்றாகப் பின்னால், விலா நடுவில் உடம்பைச் சுற்றி ஒரு வெட்டு. "தோள்வரை" என்று நினைத்துத் தோளிலேயே வெட்டிவிடுகிறார்கள், அப்புறம் நெஞ்சுப்பக்கம் தோல் போதாது. அதிகமாக இருந்தால் நாங்கள் வெட்டிக்கொள்வோம், குறைந்தால் சேர்க்க வழியில்லை. பின்கழுத்து நடுவில் நேராக மேலேறி, கொம்புகளுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு கொம்படிக்கும் போகட்டும். தொண்டைப்பக்கம் கத்தியே வைக்காதீர்கள். இறைச்சிக்காரர் பழக்கத்தில் கழுத்தறுப்பது கேப்பைப் பாழாக்கும். மூஸுக்குத் தாடைக்குக் கீழே தொங்கும் தோல்மணி இருக்கிறதே, அதையும் உள்ளிருந்து திறந்து கொழுப்பை எடுக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

முகத்தை உரிக்கும்போது கண்ணிமைக்குள் ஒரு விரலை வைத்துக்கொண்டு, விரல் உணரும்படி எலும்பை ஒட்டி வெட்டுங்கள். கண்ணுக்கு முன்னால் உள்ள குழியில் தோல் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும், அங்கே பொறுமை வேண்டும். உதட்டை ஈறை ஒட்டி வெட்ட வேண்டும், உள்ளுதட்டுத் தோலும் எங்களுக்குத் தேவை. மூக்கைக் குருத்தெலும்போடு எடுத்து, பிறகு பிரியுங்கள். காதையும் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உள்வெளியாகத் திருப்புங்கள், உதட்டின் சதை மடிப்பை உள்ளிருந்து பிளந்து விரியுங்கள், அப்போதுதான் உப்பு எல்லாப் பக்கமும் படும்.

இதெல்லாம் செய்து பழக்கமில்லை என்றால், விமானம் மறுநாளே வரும் நிலையில் மண்டையோடு சேர்த்தே கொண்டுவரச் சொல்வேன். ஒரு வாரம் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. போவதற்கு முன் ஒரு மான் தலையில் பழகிப் பாருங்கள்.

வாணியம்பாடிக்காரர்
அம்மா சொன்னது அத்தனையும் தங்கம். உப்புப் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

உப்பு தோலைக் காப்பதே தண்ணீரை வெளியே இழுப்பதாலும், மிச்சமிருக்கும் தண்ணீரை உப்புக்கரைசலாக்கி பாக்டீரியா பயன்படுத்த முடியாமல் செய்வதாலும்தான். ஆக, உப்புக்கும் தோலுக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. சதையும் கொழுப்பும் ஒட்டியிருந்தால் உப்பு அதைத்தான் பதப்படுத்தும், தோலுக்குப் போய்ச் சேராது. முதலில் சூடு ஆற விடுங்கள்: நிழலில், சதைப்பக்கம் மேலாக விரித்து. அப்புறம் சுரண்டுங்கள். பிறகுதான் உப்பு.

எங்கள் தொழிலில் மாட்டுத்தோலுக்கு எடையில் 40 சதவீதம்போல உப்பு போடுவது வழக்கம். ஆனால் எங்களுக்குக் காது, உதடு பற்றிக் கவலை கிடையாது. உங்களுக்குத் தோலின் எடைக்குச் சமமான உப்பு வேண்டும். கேப்புக்கு 20 கிலோ மூட்டை ஒன்று, முழுத்தோலுக்கும் என்றால் அதைப்போல இரண்டு.

பொடி உப்பாக இருக்கட்டும். கல்லுப்பு தோலில் இடைவெளி விட்டுவிட்டுத்தான் ஒட்டும், அந்த இடைவெளியில்தான் அழுகல் தொடங்கும். சாலையில் பனி உருக்கப் போடும் உப்பை வாங்கிவிடாதீர்கள், அதில் கால்சியம் குளோரைடு போன்றவை கலந்திருக்கலாம். மாட்டுத்தீவனக் கடையில் நீலநிற உப்பு விற்பார்கள், கோபால்ட்டும் அயோடினும் சேர்த்தது. அதுவும் வேண்டாம். வெள்ளை, பொடி, எதுவும் சேர்க்காதது.

சதைப்பக்கம் முழுதும் கையால் அழுத்தித் தேயுங்கள். ஓரங்கள் உள்ளே சுருளும், அவற்றை விரித்துத் தேயுங்கள். கால்மடிப்பு, காதின் உட்பக்கம், உதட்டுப் பிளவு, எல்லா இடத்திலும் உப்பு தெரிய வேண்டும். பிறகு சதைப்பக்கம் சதைப்பக்கத்தோடு சேரும்படி மடித்து, தளர்வாகச் சுருட்டி, சரிவான பலகையில் வையுங்கள். தண்ணீர் வழியும், வழிய வேண்டும். அது போய்ச் சேர இடம் இல்லாவிட்டால் தோல் தன் நீரிலேயே ஊறும். மறுநாள் பிரித்து, ஈர உப்பை உதறி, புது உப்பு போட்டு இன்னொரு நாள். அதற்குமேல் மரக்கொம்பில் தொங்கவிட்டு நிழலில் காற்றாட விடலாம்.

வன்னிமைந்தன்
வன்னியில் என் அப்பப்பா காலத்தில் மான்தோலுக்குப் படிகாரமும் சாம்பலும் பூசிக் காயவைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். படிகாரம் தோலை இறுக்கும்தானே, உப்போடு கொஞ்சம் கலந்தால் என்ன?

ஊசிநூல்
வேண்டாம் அண்ணா. படிகாரத்தில் உள்ள அலுமினியம் தோல் நார்களை அங்கேயே பிடித்து இறுக்கிவிடும். தரையில் விரிக்கவோ சுவரில் ஆணியடிக்கவோ அந்தக் காலத்துக்கு அது போதும். ஆனால் எங்களுக்கு வரும் தோலை மறுபடி தண்ணீரில் ஊறவைத்துப் புதுத்தோல் போல மென்மையாக்கி, மெலிதாகச் சீவி, பிறகுதான் பதனிட அனுப்புவோம். படிகாரம் பட்ட தோல் ஒழுங்காக ஊறாது. காட்டில் செய்ய வேண்டியது கெடாமல் நிறுத்திவைப்பது மட்டும். பதனிடும் வேலையை டேனரிக்கு விட்டுவிடுங்கள்.

மலைச்சாரல்
நெருப்புப் பக்கத்தில் காயவைப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முகாமில் அடுப்பு இருக்கும், மழை பெய்யும், "சட்டென்று காய்ந்துவிடுமே" என்று தோன்றும். செய்ய வேண்டாம். வெயிலும் அப்படித்தான்.

வாணியம்பாடிக்காரர்
சரியாகச் சொன்னீர்கள். ஈரமான பச்சைத்தோல் 60, 65 பாகையைத் தொட்டாலே நார் சுருங்கிப் பசையாக மாறத் தொடங்கிவிடும். கறுப்பு முடி வெயிலில் எவ்வளவு சூடாகும் என்று கையை வைத்துப் பாருங்கள். இன்னொரு சிக்கல்: தடித்த தோல் வேகமாகக் காய்ந்தால் மேல்பக்கம் ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் அடைபட்டு அங்கேயே அழுகும். பறைக்குத் தோலை இழுத்துக் கட்டி வெயிலில் காயவைக்கிறோமே என்று கேட்கலாம். அது மெல்லிய தோல், முடியும் வேண்டியதில்லை.

பழைய ஏடு
வேட்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை, அருங்காட்சியகங்களில் உண்டு. இந்த இழையைப் படித்ததும் 1909இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா போன பயணம்தான் நினைவுக்கு வந்தது. மொம்பாசாவில் இறங்கி, மறு ஆண்டு மார்ச்சில் கார்ட்டூமில் முடித்தார்கள். அந்தப் பயணத்தின் சாமான்களில் தோல் பதப்படுத்தவென்றே நான்கு டன் பொடி உப்பு இருந்தது. வாணியம்பாடிக்காரர் சொன்ன அதே பொடி உப்பு. எட்மண்ட் ஹெல்லர் என்ற இயற்கையியலாளரிடம் பெரிய விலங்குகளின் தோல் பொறுப்பு. நிலநடுக்கோட்டுச் சூட்டில் யானை, காண்டாமிருகத் தோல்களைக் காப்பாற்றி வாஷிங்டன் சேர்த்தது அந்த உப்பும், சலிக்காமல் தோலைச் சீவியவர்களின் கைகளும்தான். அந்தச் சீவல் இல்லாமல் அவ்வளவு தடித்த தோலுக்குள் உப்பு இறங்கியிருக்காது. சுமந்தவர்கள் உள்ளூர்ச் சுமையாட்கள். சுட்டவர் பெயரைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஒரு எச்சரிக்கையும். அந்தக் காலத் தோல்களில் பூச்சி வராமலிருக்க ஆர்செனிக் சோப்பு பூசியிருப்பார்கள். பழைய புலித்தோல், மான்தலை யார் வீட்டிலாவது இருந்தால் வெறுங்கையால் தடவாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

நெறியாளர்
இடையில் ஒரு குறிப்பு. இந்த இழை வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளைப் பற்றியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையாடுவது மட்டுமல்ல, காட்டுவிலங்கின் தோலை அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். தமிழ்நாட்டு வாசகர்கள் தயவுசெய்து இதை மனதில் கொள்ளுங்கள்.

நிப்பிகன்
கேப்புக்கு உப்பு என்பது இப்போது தெளிவு. மிச்சத் தோலுக்கு வருகிறேன். இங்கே எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மூஸ் தோலைப் பழைய முறையில் பதனிட்டுப் புகையூட்டி மொக்கசின் செய்கிறார். அவரிடம் கொடுக்கத்தான் ஆசை. அதற்கும் உப்பு போட்டுக் கொண்டுவரவா?

வடதுருவம்
தம்பி, நில்லுங்கள். உப்பு மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் அந்த அம்மாவிடம் கேளுங்கள்.

நான் வட மனிற்றோபாவில் நீண்ட காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவன். அங்குள்ள பூர்வகுடிகளான கிரீ மக்கள் மூஸ் தோல் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சதைப்பக்கத்தை எலும்புக் கருவியால் சுரண்டுவார்கள். முடியை மழிப்பார்கள். விலங்கின் மூளையைக் குழைத்துத் தோலில் ஏற்றி, இழுத்து இழுத்து மென்மையாக்கி, உளுத்த மரத்தின் புகையில் காட்டுவார்கள். அந்தப் பொன்னிறமும் வாசமும் அங்கிருந்துதான். இப்படிச் செய்பவர்கள் பலருக்கு உப்புத்தோல் பிடிக்காது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், முழுதாகக் கழுவி எடுப்பதே பெரும்பாடு. அவர்களுக்கு வேண்டியது பச்சையாக, குளிர்ச்சியாக, அல்லது உறைந்த தோல்.

உங்கள் அக்டோபர் இரவுகள் அதற்கு உதவும். சதையை வழித்து, மரக்கொம்பில் நிழலில் தொங்கவிட்டு, காற்றுப் படும்படி வையுங்கள். முடி கொஞ்சம் விட்டாலும் அவருக்கு நட்டமில்லை. ஆனால் தோலில் கத்திக்கீறல் விழுந்தால் நட்டம்: சுரண்டும்போதும் இழுக்கும்போதும் கீறல் ஓட்டையாகிவிடும். உரிக்கும்போது கூர்முனையைவிட முஷ்டியால் தள்ளிப் பிரிப்பது நல்லது. மூளையையும் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு வேண்டியிருக்கும்.

ஊசிநூல்
மூளை விஷயத்தில் ஒரு கவனம். எங்கள் ஆல்பர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் மான் வகைகளில் சி.டபிள்யூ.டி. என்ற, மூளையைத் தாக்கி விலங்கை மெலியவைத்துக் கொல்லும் நோய் இருக்கிறது, மூளையிலும் தண்டுவடத்திலும்தான் அது அதிகம் தங்கும். மாகாண எல்லை தாண்டி மண்டையைக் கொண்டு போகிறவர்கள் விதிகளைப் பார்த்துவிட்டு, மூளையை முழுதாக அகற்றிவிட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

இன்னொன்று, உப்பும் உறைபெட்டியும் ஒன்றாக வேண்டாம். உப்பு போட்ட தோல் ஒழுங்காக உறையாது, பாதி ஈரமாகவே கிடக்கும். உப்பு என்றால் உப்பு, உறைய வைப்பது என்றால் உப்பில்லாமல். உப்பு போடாமல் உறைய வைப்பவர்கள் பெரிய உருண்டையாகச் சுருட்டித் திணிக்காதீர்கள். நடுவில் உள்ளது உறைவதற்குள் கெட்டுவிடும்.

நிப்பிகன்
அவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். உப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், தோலில் ஓட்டை போடாமல் கொண்டுவா என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை. ஆக உப்பு ஒரே மூட்டைதான், விமானத்தில் எடையும் மிச்சம்.

மீதி இரண்டு கேள்வி. தோலில் ரத்தம் பட்டால் ஏரியில் கழுவலாமா? முகாமைச் சுற்றி விலங்குகள் தொல்லை தருமா?

மலைச்சாரல்
கழுவக் கூடாது என்பேன். நனைந்த தோலில் உப்பு கரைந்து ஓடிவிடும்.

வாணியம்பாடிக்காரர்
இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ரத்தமும் சாணமும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, அவற்றை உப்புக்கு அடியில் பூட்டிவைப்பது நல்லதல்ல. குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று அலசி, மரக்கொம்பில் போட்டு நன்றாக வடியவிட்டு, பிறகு உப்பு போடுங்கள். ஊறவைக்காதீர்கள், அவ்வளவுதான். வடியவிட நேரமில்லை என்றால் மலைச்சாரல் சொல்வதுபோல கழுவாமல், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

உப்புத்தண்ணீர் ஏரிக்கோ ஓடைக்கோ வழியாத இடமாகப் பாருங்கள். எங்கள் பாலாற்றங்கரையில் டேனரிகளின் உப்பு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். 1996இல் உச்ச நீதிமன்றம்வரை போன விஷயம் அது. ஒரு கேப்பின் உப்பு பெரிதில்லைதான், ஆனாலும் கரையை விட்டுத் தள்ளியே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வடதுருவம்
விலங்குகளைக் கேட்டீர்கள். முள்ளம்பன்றிக்கு உப்பு என்றால் உயிர். உப்புத்தோலைத் தரையில் விட்டால் இரவில் வந்து கடித்துத் தின்றுவிடும். சாம்பல்நிற ஜே பறவைகள் கொழுப்பைக் கொத்தும், அதோடு தோலையும் கொத்தும். கரடியும் மோப்பம் பிடிக்கும். முகாமிலிருந்து சற்றுத் தள்ளி, உயரத்தில், மேலே தார்ப்பாய் கூரைபோலக் கட்டி, நாலு பக்கமும் காற்று போகும்படி தொங்கவிடுங்கள். தார்ப்பாய் தோலைத் தொடக் கூடாது.

ஊசிநூல்
விமானத்தில் ஏற்றும் நாள் பற்றி. உப்பிட்ட கேப் ஓலைபோல விறைக்கும்வரை காத்திருக்காதீர்கள். வளையும் பதத்திலேயே மடித்துவிடுங்கள், காய்ந்தபின் மடித்தால் மடிப்பில் வெடிக்கும். காதுகளை உள்ளே வைத்து, சதைப்பக்கம் உட்புறமாக மடித்து, சணல் சாக்கில் போடுங்கள். சாக்குக்கு வெளியே உங்கள் பெயர், டேக் எண், உப்பு போட்ட தேதி எழுதிக் கட்டிவிடுங்கள். இரண்டு முறை உப்பு போட்டீர்களா, காதைத் திருப்பினீர்களா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் சாக்கைத் திறந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.